ஒரே தொட்டியில் நான்கு நாட்டு உயிர்கள்: உப்புவெளி வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

2022 ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நாள் காலை, திருகோணமலை உப்புவெளியில் வசிக்கும் என் மாணவன் ஒருவனின் தாயார் தொலைபேசியில் அழைத்தார். "சேர், ஆமை இன்னொரு மீனையும் சாக்காட்டிப் போட்டுது. இனி இதை என்ன செய்யிறது எண்டு தெரியேல்லை" என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு ஆமைகளும் தொட்டியிலிருந்து எடுக்கப்பட்டு, நீல வாளியொன்றில், நாலு விரற்கடைத் தண்ணீரில் விடப்பட்டிருந்தன. இறந்த தங்கமீன் ஈரத் துணியில் சுற்றியபடி மேசையில் இருந்தது. வீட்டார் ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: கடித்தது ஆமை, கொன்றது ஆமை.

அந்த முடிவின் முதற்பாதி ஓரளவு சரி. இரண்டாம் பாதி சரியன்று. பலவகை உயிர்களை ஒரே தொட்டியில் வைத்தவர்கள் இழப்பு ஏற்பட்டதும் முதலில் தேடுவது கடித்தவனைத்தான். அவ்வாறு தேடும்போது அவை அனைத்தும் மூச்சுவிடும் தண்ணீர் பார்வையிலிருந்து மறைந்துபோகிறது. அந்த மறைவு எத்தனை உயிர்களைப் பலிகொள்கிறது என்பதை இந்த ஒரு வீட்டிலேயே முழுமையாகக் காண முடிந்தது. எனவே அவர்களின் இசைவோடு, பெயர்களை விலக்கி, நடந்ததை எழுதுகிறேன். நான் மிருக வைத்தியன் அல்லன். உயிரியல் கற்பிப்பவன், இருபது ஆண்டுகளாக மீன் வளர்ப்பவன்.

தொட்டியும் அதில் இருந்தவையும்

தொட்டி 36 அங்குல நீளமும் 15 அங்குல அகலமும் 18 அங்குல உயரமும் கொண்டது. விளிம்புவரை நிரப்பினால் 159 லீற்றர் கொள்ளும். ஆமை ஏறி வெளியே வந்துவிடும் என்பதற்காக 12 அங்குல உயரத்துக்கே நிரப்பியிருந்தார்கள். அதாவது நீர் ஏறத்தாழ 106 லீற்றர். அதில் ஒரு காற்றுப் பம்பும், அதனோடு இணைந்த கைப்பிடியளவு ஸ்பொஞ்ச் வடிகட்டியும் இருந்தன.

2021 நவம்பரில் ஐந்து தங்கமீன்களும், கண்ணாடியைத் துப்புரவாக வைத்திருக்கும் என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட ஒரு டாங்க் கிளீனர் மீனும் ஒரே நாளில் வந்தன. டிசம்பரில் ஓடு 6 சென்ரிமீற்றர் நீளமான இரண்டு சிவப்புக்காது ஆமைகள் வந்தன. தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம், கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில், ரெஜிபோம் பெட்டிக்குள் ஓர் அக்சலோட்டல் (நீரிலேயே வாழும் சலமந்தர் வகை) வந்து சேர்ந்தது. மாணவன் பல மாதம் சேர்த்த பணம் அது. அவன் விலங்குகள்மீது உண்மையான அன்பு கொண்டவன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இந்த நிகழ்வில் எந்த இடத்திலும் அலட்சியம் இருக்கவில்லை.

இவற்றின் பிறப்பிடங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே சிக்கல் தெரியத் தொடங்கும். தங்கமீன் சீனத்தில் பல நூற்றாண்டுகளாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட குளிர்நீர்க் கெண்டை இனம். அதற்கு இதமானது 18 முதல் 24 பாகை செல்சியஸ். நம் நாட்டில் 28 பாகையிலும் அது வாழ்வதைப் பார்க்கிறோம், ஆனால் ஒக்சிஜன் தாராளமாக இருந்தால் மட்டுமே. டாங்க் கிளீனர் தென் அமெரிக்காவின் வெந்நில ஆறுகளுக்குரியது. முழு வளர்ச்சியில் 40 சென்ரிமீற்றரைத் தாண்டும். சிவப்புக்காது ஆமை மிசிசிப்பி ஆற்றுப் படுகைக்குரியது. நீரில் நீந்துவதற்கும் வெயிலில் காய்வதற்கும் இரண்டு தனி இடங்கள் அதற்கு வேண்டும். அக்சலோட்டல் மெக்சிக்கோ நகரத்தை அடுத்த சொச்சிமில்கோ ஏரிப் பகுதியை விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையில் இல்லாத உயிர். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீற்றருக்கும் மேலான உயரத்தில் இருக்கும் அந்தக் குளிர்ந்த நீருக்குப் பழகிய அதற்கு 16 முதல் 18 பாகையே ஏற்றது. 24 பாகைக்கு மேல் அதன் உடல் தாங்காது.

மார்கழி மழையில் தொட்டி நீர் தானாகவே 26 பாகையில் நின்றது. மாணவன் இவை ஒவ்வொன்றுக்கும் உரிய வெப்பநிலையைத் தேடிப் படித்திருந்தான். படித்துவிட்டு, 26 எல்லாவற்றுக்கும் நடுவாக இருக்கிறது என்று முடிவெடுத்திருந்தான். சராசரி எடுத்தல் கணக்கில் நியாயமான செயல். உயிர்களிடத்தில் அது அப்படி வேலை செய்வதில்லை. இந்த நான்கில் இரண்டுக்கு அந்த நடு ஒத்துப்போனது, ஒன்று பொறுத்துக்கொண்டது, ஒன்று நாளுக்கு நாள் நலிந்தது.

முதல் இழப்பு

பெப்ரவரி நடுப்பகுதியில் அக்சலோட்டல் உண்பதை நிறுத்தியது. அதன் தலையின் இருபுறமும் சிறகுபோல் விரிந்திருக்கும் வெளிச் செவுள்கள் தேய்ந்து காம்புகளாயின. தங்கமீன்கள் அவற்றைப் புழுக்கள் என்று எண்ணிக் கொத்துவதை வீட்டார் பலமுறை கண்டிருந்தார்கள். அக்சலோட்டலுக்கு இழந்த உறுப்பு மறுபடி முளைக்கும் என்று விற்றவர் சொல்லியிருந்ததால் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. முளைக்கும் என்பது உண்மைதான். குளிர்ந்த, தூய, தனிமையான நீரில் முளைக்கும். கொத்துவது நிற்காத இடத்தில், 27 பாகை நீரில், காயத்தின்மேல் பஞ்சுபோன்ற வெண்பூஞ்சை முளைத்தது. மேசை விசிறியைத் தொட்டியின்மேல் திருப்பிவைத்தும், உறைந்த தண்ணீர்ப் போத்தல்களை மிதக்கவிட்டும் மாணவன் அதைக் காப்பாற்ற முயன்றான். போத்தல் கரையக் கரைய நீர் ஒரே நாளில் நான்கு பாகை ஏறி இறங்கியது. அந்த ஏற்ற இறக்கம் மற்ற மூன்றையும் சேர்த்து வருத்தியது. பெப்ரவரி இறுதியில் அது இறந்தது.

இதைப் பற்றி என் கருத்து உறுதியானது. திருகோணமலை வெயிலில், நீரைக் குளிரூட்டும் இயந்திரம் இல்லாத வீட்டில், அக்சலோட்டலைத் தனியாக வைத்தாலும் வாழவைக்க முடியாது. கூட்டத்தோடு வைப்பது பற்றிப் பேசவே இடமில்லை.

மார்ச் மாதம்

மார்ச்சில் இரண்டு தங்கமீன்கள் பத்து நாள் இடைவெளியில் இறந்தன. இரண்டுக்கும் வாற்செட்டை கிழிந்திருந்ததால் பழி ஆமைகள்மீது விழுந்தது. அதே மாத இறுதியில் நாடு முழுவதும் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டது. அத்தகைய இரவொன்றின் விடியலில்தான் மூன்றாவது மீன் இறந்து கிடந்தது.

இறந்த மீனை மேசையில் வைத்துப் பார்த்தபோது

வால் ஓரத்தில் பிறை வடிவில் இரண்டு கடிகள் இருந்தன. அவை ஆமையின் கடிகளே. பல்லில்லாத கூர் அலகு வெட்டும் விதம் அப்படித்தான் இருக்கும். ஆனால் கடியின் விளிம்புகள் வெளிறித் தடித்து, ஆறத் தொடங்கியிருந்தன. அவை அந்த இரவில் ஏற்பட்டவையல்ல. குறைந்தது சில நாள் பழையவை.

வலப்பக்க விலாவில் வேறொரு காயம் இருந்தது. ஐந்து ரூபாய் நாணயமளவு இடத்தில் செதில்கள் இல்லை, சீதப்படையும் இல்லை. விரலால் தடவினால், சுற்றியுள்ள தோல் வழுக்கியது, அந்த இடம் மட்டும் துணிபோல் சொரசொரத்தது. கிழிசலோ வெட்டோ இல்லாமல், அரம் கொண்டு ஒரே திசையில் இழைத்தது போன்ற இளஞ்சிவப்பு. ஆமையால் இப்படிச் செய்ய முடியாது. நான் அதை மாணவனிடம் காட்டியபோது அவன் சற்று நேரம் பேசாமலிருந்து, பிறகு சொன்னான்: "கரண்ட் இல்லாத இரவு டோர்ச் அடிச்சுப் பார்த்தனான் சேர். கிளீனர் அந்த மீனிலை ஒட்டிக்கொண்டு இருந்தது. அது மீனைக் கழுவுது எண்டு நினைச்சன்."

டாங்க் கிளீனர் என்ற பெயரே இங்கே தீங்கு செய்திருக்கிறது. அது கழிவைத் தின்பதில்லை. பாசி, ஊறிய மரக்கட்டை, காய்கறி ஆகியவையே அதன் உணவு; தின்ற அளவுக்கு அதுவும் கழிவை இடும். பாசி வளராத, மரத்துண்டு இல்லாத, வேறு உணவு போடப்படாத தொட்டியில் அது பசியோடு இருக்கிறது. இரவில் உலாவும் அந்த உயிருக்கு, தூங்கும் மந்தமான தங்கமீனின் விலாவிலுள்ள சீதப்படை எட்டக்கூடிய உணவாகிவிடுகிறது. சீதப்படையே மீனின் முதற் காவல். அது போன இடத்தில் நோய்க்கிருமி நுழையும்.

ஆனாலும் அந்தக் காயமும் கொல்லும் காயமன்று. சந்தையில் மீன் வாங்கும் எவரும் முதலில் பூவை, அதாவது செவுளை, கிளப்பிப் பார்ப்பார். நானும் அதையே செய்தேன். செவுள் மூடியைத் தூக்கியதும் உள்ளே இழைகள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கவில்லை. வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, கஞ்சிப் பசை போன்ற சீதத்தில் அமிழ்ந்திருந்தன. மீன் மூச்சுத் திணறி இறந்திருக்கிறது. அந்தத் திணறல் ஒரே இரவில் வந்ததுமன்று; இத்தகைய வீக்கம் நாட்கணக்கில் உருவாவது.

நீர்

நான் கொண்டுபோயிருந்த சோதனைத் துளிகளில் அமோனியாக் குழாய் கரும்பச்சையாகியது: மொத்த அமோனியா லீற்றருக்கு 2 மில்லிகிராம். நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பீஎச் பெறுமானம் 8. வெப்பநிலை 30 பாகை.

இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் படித்தால்தான் அவற்றின் பொருள் விளங்கும். நீரிலுள்ள அமோனியா இரு வடிவங்களில் இருக்கிறது. அயனாக மாறிய அமோனியம் ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்தது; அயனாகாத அமோனியாதான் செவுளைச் சுட்டு, உடலுக்குள் புகும். இரண்டின் விகிதத்தைப் பீஎச்சும் வெப்பநிலையும் தீர்மானிக்கின்றன. 30 பாகையில், பீஎச் 7 ஆக இருக்கும் நீரில் மொத்தத்தில் ஏறத்தாழ 0.8 சதவீதமே நச்சு வடிவில் இருக்கும். பீஎச் 8 ஆனால் அது ஏறத்தாழ 7.5 சதவீதம். ஆகவே இந்தத் தொட்டியில் நச்சு வடிவம் லீற்றருக்கு 0.15 மில்லிகிராம். 0.05 மில்லிகிராமிலேயே செவுள் பாதிப்பு தொடங்கும் என்பதை வைத்துப் பார்க்கையில், மீன்கள் எத்தனை நாட்களாக எதைச் சுவாசித்தன என்பது தெளிவு. மலைநாட்டில் கனியுப்புகள் குறைந்த, குளிர்ந்த மென்னீரில் இதே மொத்த அளவு இருந்திருந்தால் இவ்வளவு சேதம் வந்திராது. குறைந்த நீரைக் கிணற்றிலிருந்து நிரப்பியதே பீஎச்சை உயர்த்தியது. இக்கரையோரக் கிணறுகள் பலவற்றின் நீர் கனியுப்புகள் மிகுந்த வன்னீர்.

அமோனியா ஏன் சேர்ந்தது? ஆமைகள் உண்ணும் அளவும் கழிக்கும் அளவும் மீன்களுடையதைவிடப் பன்மடங்கு. அந்தக் கைப்பிடி ஸ்பொஞ்ச் அவற்றுக்காகச் செய்யப்பட்டதே அல்ல. இருந்தும், ஐந்து மாதத்தில் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பின் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் அதில் ஓரளவாவது குடியேறியிருக்க வேண்டும். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் போதும். இங்கே அவை குடியேற விடப்படவில்லை. "ஒவ்வொரு ஞாயிறும் ஸ்பொஞ்சைப் பைப் தண்ணியிலை பிழிஞ்சு பிழிஞ்சு வெள்ளையாக்கித்தான் போடுறனாங்கள்" என்று தாயார் பெருமையோடு சொன்னார். கந்தளாயிலிருந்து வரும் குழாய்நீர் குளோரின் சேர்க்கப்பட்டது. வாரந்தோறும் அந்த வீடு, தன் தொட்டியைக் காத்திருக்கக்கூடிய உயிர்களைத் தன் கையாலேயே கழுவிக் கொட்டியிருக்கிறது. எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் வலித்த இடம் இதுதான். அத்தனை கவனமும் உழைப்பும் அங்கே எதிர்த்திசையில் போயிருந்தது. பழைய தொட்டி நீரிலேயே அலசியிருந்தால் போதுமானது.

இறுதி அடி மின்வெட்டு. 20 பாகை நீர் லீற்றருக்கு 9.1 மில்லிகிராம் ஒக்சிஜனைத் தாங்கும். 30 பாகை நீரோ 7.5 மட்டுமே. காற்றுப் பம்ப் நின்றதும், பழுதடைந்த செவுளோடிருந்த மீன்களுக்கு அந்தக் குறைவான பங்கையும் எடுக்க இயலவில்லை. ஆமைகள் தலையை வெளியே நீட்டிக் காற்றைச் சுவாசித்தன. டாங்க் கிளீனரும் மேலே வந்து காற்றை விழுங்கிக்கொள்ளக்கூடியது. அந்த இரவில் தப்பிக்க வழியற்றிருந்தவை தங்கமீன்கள் மட்டுமே. காலையில் உயிரோடிருந்தவர்களைப் பார்த்துக் குற்றவாளியைத் தீர்மானித்தது அதனால்தான் அவ்வளவு எளிதாயிற்று.

ஆமைகளின் நிலை

பழி சுமந்த ஆமைகளும் நலமாக இல்லை. ஒன்றைத் தூக்கிப் பெருவிரலால் ஓட்டின் ஓரத்தை மெல்ல அழுத்தினேன். நகம்போல் எதிர்க்க வேண்டிய ஓடு, வெயிலில் கிடந்த செருப்பின் விளிம்புபோல் வளைந்து கொடுத்தது. கல்சியமும் விற்றமின் டி3உம் போதாமையின் அடையாளம் இது. காய்வதற்கென வைத்த பிளாஸ்ரிக் தீவு ஆமையின் பாரத்தில் அமிழ்ந்துவிடும். ஜன்னல் வெயில் படுகிறதே என்றார்கள். டி3 உருவாகத் தேவையான புறஊதா பி கதிரைச் சாதாரண ஜன்னற் கண்ணாடி தடுத்துவிடும். உணவு கடையில் வாங்கிய கூனி மட்டுமே. இளம் சிவப்புக்காது ஆமை இயற்கையிலேயே பூச்சியும் நத்தையும் சிறுமீனும் தேடித் தின்னும் உயிர். அதன் முன்னால் நீண்ட செட்டையோடு மெதுவாக அசையும் மீனை வைத்துவிட்டு, கடித்தது என்று குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த வீட்டில் நான்கு வயதுக் குழந்தை ஒன்றும் இருந்தது. தொட்டி வாளியும் ஸ்பொஞ்சும் கழுவப்பட்டது சமையலறைத் தொட்டியில். ஆமைகள் நோயின்றித் தோன்றும்போதும் வயிற்றோட்டம் தரும் சல்மொனெல்லாக் கிருமியைக் கழிக்கக்கூடியவை. ஐக்கிய அமெரிக்காவில் ஓடு 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பது 1975இல் தடைசெய்யப்பட்டது குழந்தைகளுக்கு ஏற்பட்ட இந்த நோயின் பொருட்டே. கழுவுவதை அன்றே வெளிக் குழாயடிக்கு மாற்றச் சொன்னேன்.

பிரித்தல்

அன்று செய்தவை: தொட்டி நீரில் மூன்றிலொரு பங்கை, முந்திய நாளே பிடித்துத் திறந்து வைத்திருந்த நீரால் மாற்றினோம், மறுநாளும் அப்படியே. உணவை இரண்டு நாள் நிறுத்தினோம். மின்வெட்டு நேரத்தில் ஒரு குவளையால் நீரை அள்ளி ஓரடி உயரத்திலிருந்து ஊற்றும்படி சொன்னேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அப்படிச் செய்தாலும் ஒக்சிஜன் ஏறும். மாணவனும் தாயாரும் முறைவைத்து அதைச் செய்தார்கள். மீதமிருந்த இரண்டு தங்கமீன்களும் பிழைத்தன.

ஆமைகளையும் டாங்க் கிளீனரையும் என்ன செய்வது என்பதில்தான் நெடுநேரம் பேச வேண்டியிருந்தது. "பாவம், கந்தளாய்க் குளத்திலை விட்டால் நல்லா வாழும் தம்பி" என்றார் மாணவனின் அம்மப்பா. புண்ணியமாகக் கருதிச் சொன்ன சொல் அது. சிவப்புக்காது ஆமை, உலகின் மிகத் தீங்கான 100 அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இருப்பது. நம் குளங்களில் ஏற்கெனவே பாலாமையும் கல்லாமையும் இருக்கின்றன. வெயில் காயும் இடத்துக்கும் உணவுக்கும் அவற்றோடு போட்டியிட ஒரு புதியவரை அனுப்புவது புண்ணியமாகாது. டாங்க் கிளீனரின் செயல் இன்னும் கவலைக்குரியது. அது கரைகளில் வளை தோண்டி முட்டையிடும். முள்ளும் தட்டும் நிறைந்த உடலால் வலையைக் கிழிக்கும். குளக்கரையில் வளை தோண்டும் மீன் என்று சொன்னதும் அம்மப்பா பேச்சை நிறுத்தினார். 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்த நாள் அவருக்கு நினைவிருக்கிறது. அந்த உடைப்புக்கும் மீனுக்கும் தொடர்பில்லை. ஆனால் கட்டு என்பது இந்த மாவட்டத்தில் யாரும் இலேசாக எடுக்கும் சொல் அல்ல.

டாங்க் கிளீனர் ஆறடித் தொட்டி வைத்திருக்கும் என் நண்பர் ஒருவரிடம் போனது. அங்கே வெள்ளரித் துண்டும் ஊறிய மரக்கட்டையும் அதற்குக் கிடைக்கின்றன. ஆமைகளுக்கு முற்றத்தில், காலை வெயில் படும் இடத்தில், காகம் தூக்காதபடி வலை மூடிய சீமெந்துத் தொட்டி கட்டப்பட்டது. பாதிக்கு நீர், பாதிக்கு உலர்ந்த செங்கற் திட்டு. கூனியைக் குறைத்துக் கங்குன் கீரை சேர்த்தார்கள். கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைக் கழுவி, ஊறவைத்து, வெயிலில் காயவைத்து நீரில் மிதக்கவிட்டார்கள். விலையின்றிக் கிடைக்கும் நல்ல கல்சியம் அது.

சேர்த்து வளர்ப்பது எப்போது இயலும்

மாணவன் என்னிடம் கேட்ட கேள்வி நியாயமானது: அப்படியானால் ஒரு தொட்டியில் ஓர் இனம்தான் வைக்க வேண்டுமா? இல்லை. ஒரே வெப்பநிலை, ஒரே நீர்த்தன்மை, ஒத்த வேகம், ஒன்றின் வாய்க்குள் மற்றொன்று அடங்காத அளவு, இவை பொருந்தினால் பல இனங்கள் நிம்மதியாக வாழும். உப்புவெளிக் கிணற்று நீருக்குக் கப்பியும் மொலியும் பிளாட்டியும் ஒன்றாகப் பொருந்தும். மூன்றும் வன்னீரை விரும்புபவை, மொலி சற்று உப்பையும் தாங்கும். இதற்கு மாறாக, நம் தீவிற்கே உரிய செரி பார்ப் தென்மேற்கு ஈரவலயத்து நிழலோடைகளின் மென்னீருக்குரியது. சொந்த நாட்டு மீன் என்பதற்காக அதை இந்த நீரில் விட்டால் அது வாடும். எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதைவிட எந்த நீரிலிருந்து வந்தது என்பதே இங்கு பயனுள்ள கேள்வி. சாதுவா, முரடா என்ற கேள்வி அதற்குப் பிறகே வர வேண்டும். கடைகளில் நாம் முதலில் கேட்பதோ அதைத்தான்.

பின்னர்

2022 ஒக்டோபரில் மறுபடி போனேன். தங்கமீன் தொட்டியில் அமோனியாக் குழாய், அமோனியா இல்லை என்று காட்டி, மஞ்சளாகவே நின்றது. ஸ்பொஞ்ச் பழுப்பு நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்துத் தனக்கு இன்னும் கை துறுதுறுப்பதாகத் தாயார் சொன்னார், ஆனால் தொடவில்லை. விலாவில் காயமிருந்த இன்னொரு மீனுக்கு அந்த இடத்தில் செதில் சற்று ஒழுங்கின்றி முளைத்திருந்தது.

ஆமைகளின் ஓட்டு விளிம்பு பெருவிரலுக்கு வளையவில்லை. சமையலறை நாட்காட்டியின் பின்புறத்தில் தாயார் மாதந்தோறும் அவற்றின் நீளத்தைக் குறித்துவந்தார்: 9.5, 10 சென்ரிமீற்றர். பெண் ஆமை 25 சென்ரிமீற்றரைத் தாண்டும், முப்பது ஆண்டும் வாழும் என்று நான் சொல்லியிருந்தேன். மகன் பல்கலைக்கழகம் போய்விடுவான், பார்க்கப்போவது தான்தான் என்று கணக்கிட்டு, அப்போதிருந்ததைப்போல் நான்கு மடங்கு பெரிய தொட்டிக்கு மேசனாரிடம் அளவு கொடுத்துவைத்திருந்தார்.